வீட்டுக்காரி: பால் மார்ஷலின் நாவலை முன்வைத்து

புலம்பெயர்ந்தவர்களைப் பற்றிய நாவல்களில் வாடகை அறை தவறாமல் வந்துவிடும். ஈரம் ஊறிய சுவர், காசு போட்டால் மட்டும் எரியும் கேஸ் அடுப்பு, மாடிப்படியில் நின்று முறைக்கும் வீட்டுக்காரி. கதை எப்போதும் அறைக்குள் இருப்பவனுடையது. வீட்டுக்காரி வருவாள், கதவைத் தட்டுவாள், வாடகை கேட்பாள், போய்விடுவாள். அவளுக்கென்று ஒரு கதை இருக்குமே என்று பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை.

பால் மார்ஷல் யோசித்தார். 1959இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் 'பிரவுன் கேர்ள், பிரவுன்ஸ்டோன்ஸ்'. இதில் வீட்டுக்காரியே புலம்பெயர்ந்தவள்தான். பார்படோஸ் தீவில் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினுக்கு வந்தவள். பகலில் வெள்ளைக்காரர் வீடுகளில் தரை துடைக்கிறாள். அந்தக் காசில் ஒரு வீடு வாங்கி, அறை அறையாக வாடகைக்கு விட்டுப் பிழைச்சுக்கலாம் என்று கணக்குப் போடுகிறாள். பெயர் சில்லா போய்ஸ்.

இந்த நாவலைப் பொதுவாக ஒரு பெண்பிள்ளை வளர்ந்து ஆளாகும் கதையாகவே வாசிக்கிறார்கள். தப்பில்லை. 1939இல் பத்து வயதுச் சிறுமியாக நமக்கு அறிமுகமாகும் செலினா, கல்லூரிப் பெண்ணாகி வீட்டைவிட்டுக் கிளம்பும்வரை கதை அவளோடுதான் நகர்கிறது. ஆனால் எனக்கு இது முதலில் வாடகையைப் பற்றிய நாவல். ஒரு வீட்டை வருமானமாக மாற்றத் தொடங்கினால் அந்த வீட்டுக்குள் இருக்கும் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன வேறொரு நாவல் என் ஞாபகத்துக்கு வரவில்லை.

பிரவுன்ஸ்டோன் என்பது பழுப்பு மணற்கல் பதித்த முகப்புள்ள வரிசை வீடு. மூன்று நான்கு மாடி, உயரமான வாசற்படி, பெரிய பெரிய அறைகள். வசதியான வெள்ளைக் குடும்பங்களுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டவை. அவர்கள் மெல்ல மெல்ல இடம்பெயர, பார்படோஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள். சில்லாவின் குடும்பம் சான்சி தெருவில் அப்படியொரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. குத்தகை அவளுக்குப் போதவில்லை, சொந்தமாக வேண்டும். ஒரு பெரிய அறையை நடுவில் தடுத்தால் இரண்டு குடித்தனம், இரண்டு வாடகை. நம்முடைய ஒண்டுக்குடித்தனத்தின் அதே கணக்கு.

இதைப் பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்தக் காலத்துப் புரூக்ளினைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1933இல் உருவான வீட்டுக்கடனுக்கான அரசு நிறுவனம் ஒன்று, அந்தப் பத்தாண்டிலேயே அமெரிக்க நகரங்களுக்கு வண்ண வரைபடங்கள் போட்டது. கடன் கொடுப்பது ஆபத்து என்று கருதப்பட்ட பகுதிக்குச் சிவப்பு வண்ணம். கறுப்பர்கள் வாழும் பகுதிகளுக்குப் பெரும்பாலும் அதே சிவப்புதான். நாவல் நடக்கும் பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் வட்டாரத்துக்கும் அதுவே கிடைத்தது. அரசின் வீட்டுக்கடன் காப்பீடும் இப்படிப்பட்ட பகுதிகளை ஒதுக்கி வைத்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறபேதம் பார்ப்பதைத் தடைசெய்யும் தேசியச் சட்டம் 1968இல்தான் வந்தது. முறையான கடன் கிடைக்காதபோது கையில் இருக்கிற காசோடு அதிக வட்டிக்கும் வாங்க வேண்டும். அந்தத் தவணையைக் கட்ட ஒரே வழி, வீட்டை ஆட்களால் நிரப்புவது. சில்லா அறையைத் தடுத்துச் சுவர் எழுப்ப நினைப்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. மார்ஷல் இதை எங்கும் உட்கார்ந்து விளக்குவதில்லை. சில்லாவின் கை வலியாகவும் அவள் பேச்சின் வேகமாகவும் மட்டும் நமக்குக் கொடுக்கிறார்.

எதிர்ப்பக்கத்தில் கணவன் டெய்ட்டன். திருட்டுத்தனமாக நாட்டுக்குள் நுழைந்தவர். அழகர், பேச்சுக்காரர், பிள்ளைகளின் செல்லம். இன்றைக்குக் கணக்குப் பாடம், நாளைக்கு ட்ரம்பெட் என்று எதையாவது கற்றுக்கொண்டேயிருப்பார், எதுவும் முடியாது. அவருடைய அக்கா இறந்து பார்படோஸில் ஒரு துண்டு நிலம் அவர் பெயருக்கு வருகிறது. ஊருக்குத் திரும்பிப்போய் அங்கே ஒரு பெரிய வெள்ளை வீடு கட்டுவேன் என்று மகளிடம் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார். சில்லா என்ன செய்கிறாள்? அவர் கையெழுத்தைப் போலியாகப் போட்டுக் கடிதங்கள் எழுதி, அவருக்குத் தெரியாமலேயே அந்த நிலத்தை விற்றுவிடுகிறாள். வந்த பணம் 900 டாலர். விஷயம் தெரிந்ததும் டெய்ட்டன் கோபப்படவில்லை. சிரித்த முகத்தோடு பணத்தை வாங்கிவரப் போகிறார். ஒரே நாளில் அவ்வளவையும் துணிமணிக்கும் பரிசுப் பொருள்களுக்கும் ஒரு ட்ரம்பெட்டுக்கும் செலவழித்துவிட்டுக் கை நிறையப் பொட்டலங்களோடு வீட்டுக்கு வருகிறார்.

இளைஞர்களாக இருக்கும்போது நாம் டெய்ட்டன் பக்கம்தான் சாய்வோம். இலக்கியம் படிக்கிறவர்களுக்குக் கனவு காண்பவன்மேல் ஒரு பாசம். கணக்குப் போடுபவள்மேல் ஒரு சலிப்பு. மார்ஷல் அந்தப் பாசத்துக்கு நிறைய இடம் கொடுக்கிறார், டெய்ட்டனின் கவர்ச்சியில் ஒரு துளிகூடக் குறைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டெய்ட்டனின் கனவும் ஒரு வீடுதான். அவருடைய வீட்டில் குடித்தனக்காரர்கள் இல்லை, தவணை இல்லை, ஒழுகும் குழாய் இல்லை. ஏனென்றால் அது கட்டப்படவே இல்லை. அந்தக் கனவு நடக்கும் நாட்களிலெல்லாம் அடுப்பு எரிவது பெரும்பாலும் சில்லாவின் கூலியில்.

அதற்காகச் சில்லாவை மன்னித்துவிடவும் நாவல் விடுவதில்லை. வீட்டின் மேல்தளத்தில் மிஸ் மேரி என்றொரு வெள்ளைக்காரக் கிழவி கிடக்கிறாள். முன்பு அந்த வீட்டில் வாழ்ந்த குடும்பத்தின் வேலைக்காரி. குடும்பம் போய்விட்டது, இவள் மிச்சம். இன்னொரு அறையில் சக்கி. வாரம் முழுக்க வீட்டுவேலை செய்துவிட்டு, விடுமுறை நாளில் நல்ல உடை உடுத்தி ஆண் துணை தேடிப் போகிறவள். செலினா இந்த இரண்டு அறைக்கும் ஓடுகிறாள். கிழவியிடம் பழங்கதையும் சக்கியிடம் கொஞ்சம் ரம்மும் சிரிப்பும் கிடைக்கின்றன. தாயின் கண்ணுக்கு இரண்டும் குறைந்த வாடகை வரும் அறைகள். மகளின் கண்ணுக்கு இரண்டு உலகங்கள்.

நாவலின் நியாயம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மார்ஷல் குடித்தனக்காரர்களுக்குத் தனித்தனியாகப் பக்கங்களை ஒதுக்குகிறார். அவர்களுடைய கட்டிலின் வாசனை வரைக்கும் நமக்குத் தெரியும். பிறகுதான் அவர்களை வெளியேற்றுகிறார். சில்லா கிழவியின் படுக்கையருகே நின்று பொரிந்து தள்ளுகிறாள். கிழவி போய்ச் சேர்ந்ததும் அறை கைக்கு வருகிறது. சக்கியை ஒழுக்கம் கெட்டவள் என்று சொல்லிக் காலிசெய்ய வைக்கிறாள். ஒரு அறை காலியாகும்போது வாசகருக்கு ஒரு ஆள் குறைகிறது. வாடகைக் கணக்கில் வராத இந்த நஷ்டத்தை நாவல் மட்டுமே எழுதிவைக்க முடியும்.

டெய்ட்டனும் கடைசியில் காலிசெய்யப்பட்டவர்தான். தொழிற்சாலை விபத்தில் கை போகிறது. ஒரு சாமியாரின் இயக்கத்தில் சேர்ந்து வீட்டைவிட்டுப் போகிறார். சில்லா அவரைக் குடியேற்ற அதிகாரிகளிடம் காட்டிக்கொடுக்கிறாள். நாடு கடத்தப்பட்டு, பார்படோஸ் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கடலில் விழுந்து இறக்கிறார். விழுந்தாரா, குதித்தாரா என்று தெரியாது. செலினா தாயின்மேல் விழுந்து அடிக்கிறாள், அந்தக் காலத்தின் கொடுங்கோலன் பெயரைச் சொல்லித் திட்டுகிறாள். சில்லா தடுக்காமல் வாங்கிக்கொள்கிறாள். அடித்து ஓய்ந்த மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்கிறாள். இந்தக் காட்சிக்குப் பிறகு சில்லாவை நல்லவள் என்றோ கெட்டவள் என்றோ ஒரு சொல்லில் முடிக்க நமக்கு வாய் வராது.

மார்ஷலுக்கு இந்த மனிதர்களை நன்றாகத் தெரியும். 1929இல் புரூக்ளினில் பார்படோஸ் பெற்றோருக்குப் பிறந்தவர். அவருடைய தந்தையும் ஒரு மதத் தலைவரைப் பின்பற்றிக் குடும்பத்தை விட்டுப் போனவர். வீட்டுவேலை முடித்துவந்து அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து பேசிய பெண்களிடம்தான் மொழியைக் கற்றேன் என்று பின்னாளில் கட்டுரை எழுதினார். நாவலின் உரையாடல்கள் அந்தச் சமையலறையிலிருந்து நேராக வந்தவை. இதை யாராவது தமிழில் கொண்டுவந்தால் சில்லாவுக்குப் பாடப்புத்தகத் தமிழைக் கொடுத்துவிடக் கூடாது. அவள் வாய் அப்படிப் பேசாது.

குறையும் உண்டு. பிற்பகுதியில் செலினாவின் காதலன் கிளைவ் வரும் அத்தியாயங்கள் பேச்சிலேயே கரைகின்றன. பார்படோஸ்காரர்கள் வீட்டு உரிமையாளர் சங்கம் வைத்துக் கூடும் காட்சிகளில் மனிதர்கள் ஆளுக்கொரு கருத்தாக எழுந்து நிற்கிறார்கள். அறைகளுக்குள் இருக்கும் உயிர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

இதே விஷயத்தைச் சிரிப்பாகவும் எழுதலாம். டிரினிடாட்டைச் சேர்ந்த சாம் செல்வன் 1965இல் 'தி ஹவுசிங் லார்க்' எழுதினார். இடம் லண்டன், பிரிக்ஸ்டன் பக்கம். கறுப்பர்களுக்கு வீடு இல்லை என்று பலகை மாட்டுவது அன்று சட்டப்படி குற்றமில்லை. அந்த ஆண்டு வந்த இனவுறவுச் சட்டம் வீட்டு வாடகையைத் தொடவில்லை, 1968 சட்டம்தான் தொட்டது. கரீபியர்கள் கண்டுபிடித்த மாற்றுவழி நமக்கு நன்றாகத் தெரிந்தது: சீட்டு. ஆளுக்கு இவ்வளவு என்று வாராவாரம் போட்டு, முறைவைத்து மொத்தமாக எடுப்பது. டிரினிடாட்டில் அதற்கு 'சுசு' என்று பெயர், ஜமைக்காவில் 'பார்ட்னர்'. செல்வனின் ஆட்களும் சேர்ந்து காசு போட்டு வீடு வாங்கக் கிளம்புகிறார்கள். காசு பேட்டர்ஸ்பி என்கிறவன் கையில். அப்புறம் கேட்கவா வேண்டும்? கடைசியில் பெண்கள்தான் அதட்டிப் பொறுப்பை வாங்குகிறார்கள். படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும். ஆனால் வீடு வாங்கி, அதில் குடித்தனம் வைத்து, வாடகை பாக்கி கேட்கப் போகும் கட்டத்துக்கு இந்த நாவல் போவதில்லை. அதற்கு அந்தப் பக்கம் சிரிப்பு செல்லுபடியாகாது என்று செல்வனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மார்ஷல் தொடங்குவது அந்தப் பக்கத்தில்.

இன்னும் இருபது வருடம் தள்ளி, 1985இல் ஹனிஃப் குரேஷி எழுதி ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ் இயக்கிய 'மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்' படத்தில் அந்தப் பக்கம் வேறு முகத்தோடு வருகிறது. நாசர் பாகிஸ்தானிலிருந்து வந்து லண்டனில் வீடுகள் வாங்கிக் குவித்தவர். வாடகை தராத ஒரு கறுப்பினக் கவிஞரை வெளியேற்ற அவர் அனுப்புவது ஜானி என்ற வெள்ளைக்கார இளைஞனை. படத்தின் தொடக்கத்தில் அதே ஜானிதான் ஆளில்லா வீடு ஒன்றில் ஒண்டியிருந்து துரத்தப்பட்டவன். துரத்தப்பட்டவனே துரத்தப் போகிறான். நாசருக்கு இதில் உறுத்தலே இல்லை. தொழில் வேறு, நிறம் வேறு. சில்லாவுக்கு உறுத்துகிறது, அதனால்தான் அவள் கத்துகிறாள். நாசரைப் பார்த்தபின் சில்லாவின் கத்தல்மேல் எனக்கு மரியாதை கூடியது.

நாவலின் முடிவில் செலினா சங்கம் கொடுத்த உதவித்தொகையைத் திருப்பிக்கொடுத்துவிட்டுக் கிளம்புகிறாள். போகும் முன் தாயிடம், நானும் உன் பிள்ளைதான் என்ற பொருளில் பேசுகிறாள். சில்லாவும் சின்ன வயதில் தனியாகக் கப்பலேறியவள்தானே. வழியில் பார்த்தால், அடுக்குமாடிக் குடியிருப்புக்காக நகராட்சி அந்தப் பழுப்பு வீடுகளை இடித்துக்கொண்டிருக்கிறது. பிறந்ததிலிருந்து கையில் போட்டிருந்த இரண்டு வெள்ளிக் காப்புகளில் ஒன்றைக் கழற்றி இடிபாட்டுக்குள் எறிகிறாள். மற்றது கையில் இருக்கிறது.

நம் புலம்பெயர் எழுத்தில் நெரிசலான அறைகள் நிறைய உண்டு. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் முறைவைத்துத் தூங்குவதை நன்றாகவே எழுதியிருக்கிறோம். அந்த அறையிலிருந்து வெளியேறி, டொராண்டோ பக்கம் வீடு வாங்கி, தவணை கட்டுவதற்காக நிலவறையை வாடகைக்கு விட்டவர்களும் நம்மவர்களே. புதிதாக ஊரிலிருந்து வந்த பையனிடம் இரண்டு மாத முன்பணம் கேட்ட அக்காவையும், இரவில் சத்தம் போடாமல் படியேறச் சொன்ன அண்ணனையும் நமக்குத் தெரியும். அவர்கள் கதையில் வரும்போது கதவைத் தட்டிவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான். அந்த அக்கா மேல்தளத்தில் தவணைக் காகிதங்களை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரவை, கீழே இருக்கும் பையனையும் மறக்காமல், யாராவது முழுசாக எழுத வேண்டும். எழுத உட்காருபவர் முதலில் சில்லாவை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.