ஒரு பொம்மைக்கு பிரஷ், பன்னிரண்டுக்கு ஏர்பிரஷ்

அடி அண்ணாமலையில் அத்தை வீட்டுக் கொலுவில் ஆறாம் படி மனிதர்களுக்கு. அதில் வாசலுக்கு வெளியே நடக்கும் கிரிவலமேதான் வைப்பார். காகிதக்கூழ் மலை, பொட்டளவு கல்லில் எட்டு லிங்கங்கள், மூன்றங்குலக் களிமண் ஆட்கள் பன்னிரண்டு பேர். இந்த வருடம் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தால் பாதிப் பேருக்கு வேட்டி உரிந்திருந்தது.

மறுபடி வண்ணம் அடிக்க, சார்ஜ் போடும் ஏர்பிரஷ் ஒன்று வாங்கினேன். 0.3 மி.மீ. நாசில். விசையை அமுக்கினால் காற்று. பின்னால் இழுத்தால் வண்ணம்.

உப்புத்தாளால் தேய்த்து, முழுக்கக் கறுப்பு பிரைமர் அடித்தேன். பிறகு தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளை. உச்சி வெயிலில் நிற்பவர்போல் தோள் வெளுத்து, மடிப்புகள் இருண்டுவிடும். மேலே மெல்லிய வண்ணம் ஒரு கை போதும், நிழல் தானாக வரும். மேசை விளையாட்டுப் படைவீரர்களுக்கு வண்ணம் தீட்டுபவர்களின் உத்தி இது. அவ்வகை விளையாட்டு நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2019இல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் வண்ணங்களும் இப்படித்தான்: பிரஷ்ஷால் பூசினால் மேட்டில் மெலிந்து பள்ளத்தில் தேங்கும். நான் சாதாரண அக்ரிலிக்கைப் பால் பதத்துக்குக் கரைத்துக்கொண்டேன். தயிர் பதமானால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

முதல் ஆளைத் தலை முதல் கால்வரை முடித்ததுதான் தப்பு. நிறம் மாற்றும்போதெல்லாம் கிண்ணத்தைக் கழுவ வேண்டும். அதற்குள் பிரஷ்ஷிலேயே முடித்திருக்கலாம். அப்புறம் எல்லோரையும் பலகையில் இரட்டைப் பக்க டேப் போட்டு நிறுத்தி, எல்லோருக்கும் உடல் நிறம், அடுத்து எல்லோருக்கும் வேட்டி என்று போனேன். மிச்சம் பதினொரு பேரும் ஒரே மாலையில் தயார்.

குறைகள் உண்டு. நம் ஊர் வெயிலில் ஊசி முனையிலேயே வண்ணம் காய்கிறது. ஈரப் பஞ்சால் அடிக்கடி துடைக்க வேண்டும். சார்ஜ் இறங்கினால் காற்று தளர்ந்து துளித்துளியாகத் தெறிக்கும். ஒரு பெண்ணின் சிவப்புச் சேலையில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்துவிட்டன. அழிக்கப் போனேன். “சுங்குடியாட்டம் இருக்குடா, விட்டுடு” என்றார் அத்தை.

கண், திருநீற்றுப் பட்டை, சேலைக்கரை மூன்றுக்கும் ஜீரோ நம்பர் பிரஷ்தான். வண்ணப் புகை மூச்சில் ஏறாமல் முகக்கவசமும் திறந்த ஜன்னலும் கட்டாயம்.

ஒன்றிரண்டு பொம்மைக்கு இது வீண் செலவு. ஒரு படி முழுக்க இருந்தால் வாங்கலாம். ஆனால் அழுத்தமானியோடு வரும், கரண்டில் ஓடும் காம்பிரசராகப் பார்த்து வாங்குங்கள். சுங்குடி எல்லாச் சேலைக்கும் பொருந்தாது.