சொல்லாமல் மறைக்கும் அன்பு

1982-ஆம் ஆண்டில் வெளிவந்த இரு தமிழ்த் திரைப்படங்கள் நம்மிடம் ஒரே கண்ணீரைக் கேட்டுப் பெற்றன. 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் பாடகன் தன் புற்றுநோயை மறைத்துக் காதலியை விலக்குகிறான். 'வாழ்வே மாயம்' நாயகனோ, அவள் தன்னை வெறுக்கவேண்டும் என்பதற்காகவே பரத்தையை நாடுபவனாக நடிக்கிறான். இதைத் தியாகம் என்றே நம் அரங்குகள் கொண்டாடின. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் துயரத்தைத் தாங்கும் வலிமை அவளுக்கு இல்லையென்று அவனே தீர்ப்பெழுதிவிடுகிறான். உடனிருந்து பணிவிடை செய்யும் உரிமையையும் பறித்துக்கொள்கிறான். இதில் காதலைவிட அவநம்பிக்கையே மிகுதி.

இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தில் ஸ்ரீதர் இதைவிடத் துணிந்திருந்தார். அங்கே நோயுற்ற கணவனும் மனைவியும் மருத்துவமனை அறையில் மரணத்தைப் பற்றி நேருக்குநேர் பேசுகிறார்கள். தனக்குப்பின் அவள் மறுமணம் செய்துகொள்ளவேண்டும் என்று அவன் கேட்பது அவளைத் துடிக்கவைக்கிறது. ஆயினும் அந்தச் சொல் இருவருக்கும் நடுவே வைக்கப்பட்டுவிட்டது. (முடிவில் மருத்துவரைப் பலிகொடுத்துக் கணவனைக் காப்பாற்றியது திரைக்கதையின் சலுகை, மன்னித்துவிடலாம்.)

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு வந்த மலக்குடல் புற்றுநோய், முதலில் சீதபேதியென்றே கருதப்பட்டது. அந்த இழப்பே, 1954-இல் அடையாற்றில் எழுந்த புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்தாயிற்று. அன்று நோயின் பெயர் தெரியவில்லை. இன்று தெரிகிறது, நாம்தாம் வாய்திறப்பதில்லை.

ஆலங்குடிக்குப் பக்கத்தில் என் பெரியப்பா படுக்கையில் இருந்தபோது, மருத்துவ அறிக்கையை டிரங்குப் பெட்டியின் அடியில் ஒளித்துவைத்தோம். வயிற்றுப்புண் என்றோம். பங்குத்தந்தையை அழைக்கவும் அஞ்சினோம். அவரைக் கண்டதும் பெரியப்பா புரிந்துகொள்வாரே! சாகுந்தறுவாயில் இருப்போர்க்கு மட்டுமே உரிய அருட்சாதனம் அன்று இது, 'நோயில் பூசுதல்' என்ற பெயரே மிகப் பொருத்தம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே கூறிவிட்டது. எங்கள் வீட்டில் அது இன்னும் 'அவஸ்தைப் பூசுதல்'தான். நினைவு தப்பிய பிறகே அவருக்கு எண்ணெய் பூசப்பட்டது.

அதற்கு நான்கு நாள் முன்பு, பாகப்பிரிவினையில் பேச்சற்றுப்போன தம்பியை வரச்சொல்லும்படி அவர் கேட்டார். "இப்போது என்ன அவசரம் பெரியப்பா, பொங்கலுக்கு வரச்சொல்லலாம்" என்று பதில் சொன்னவன் நான்.