உப்பு நார்த்தங்காய்

மசக்கைக்காரிக்குத் தாளிக்கிற வாசனைதான் முதல் எதிரி. கடுகு வெடித்தால் போதும், குமட்டும். அக்காவுக்கு அப்போது கைகொடுத்தது உப்பு நார்த்தங்காய். காயைச் சுருளாக அரிந்து, உள்ளே கல்லுப்பு திணித்து, ஜாடியில் குலுக்கிக் குலுக்கி ஊறவிட்டு, பகலில் வெயில், இரவில் மறுபடி அதே உப்புநீர் என்று அம்மா காயவைத்தது. கறுத்துச் சுருங்கிக் கிடக்கும், பார்க்க லட்சணமில்லை. துணுக்கு ஒன்றை நாக்கில் ஒதுக்கினால் கசப்பும் புளிப்புமாக நீர் ஊறும். (உப்பு அதிகம், ரத்தக் கொதிப்பு இருந்தால் வேண்டாம்.) கூடவே குழைய வடித்து ஆறவிட்ட சோறு, மோர் விட்டு. சூட்டில்தான் வாசனை எழும்பும். ஆறியது உள்ளே தங்கும். பெரும்பாலோருக்கு 16 வாரத்துக்குள் குமட்டல் அடங்கும். அக்கா மறுபடி வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் கேட்டபோது ஜாடியில் அடிமண்டி உப்புதான் மிச்சம்.