முதிர்கன்னி என்றொரு படிமம்

ஈழத்துச் சிற்றிதழ்களைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ‘முதிர்கன்னி’ புதியவளல்ல. எண்பதுகளிலிருந்தே கவிதைகளில் வந்துகொண்டிருக்கிறாள். ஜன்னலோரம் நிற்பாள். தலையில் முதல் நரை தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் தின்றுவிட்டுப் போவார்கள். கடைசி வரியில் சீதனம் சபிக்கப்படும். தமிழரிடையே சீதனமும் முஸ்லிம்களிடையே கைக்கூலியும் செய்த கொடுமைக்கு அந்தச் சாபம் தகும். ஆனால் இக்கவிதைகளில் அவளுக்கென்று ஒரு தொழிலோ சம்பளமோ இல்லை. காத்திருப்பு மாத்திரமே அவளுடையது.

மாங்குளம் - முல்லைத்தீவு வீதியிலுள்ள ஒட்டுசுட்டானில் இப்படிமத்தை வைத்துப் பார்த்தால் அதன் போதாமை விளங்கும். 2009 ஜனவரியில் ஊர் இராணுவத்தின் வசமானது. கிழக்கே இடம்பெயர்ந்த சனங்கள் முள்ளிவாய்க்காலைக் கடந்து, செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டு, பின்னர் மீளக்குடியேறினார்கள். திரும்பி வராதவர்கள் பலர். இங்கே ஒருத்தி மணமாகாதிருக்கச் சீதனம் மட்டுமே காரணமல்ல. அவளை மணக்கவிருந்தவன் காணாமல் ஆக்கப்பட்டிருக்கலாம். இயக்கத்திலிருந்தவள் என்று பலர் ஒதுங்கியிருக்கலாம். தகப்பனில்லாத வீட்டில் தம்பி, தங்கைகளை அவளே படிப்பிக்கலாம். காலையில் அவள் ஜன்னலில் நிற்பதில்லை, பஸ்ஸுக்கு நிற்கிறாள். ஆசிரியையாகவோ, பிரதேச செயலக உத்தியோகத்தராகவோ, சிவில் பாதுகாப்புத் திணைக்களச் சம்பளத்தில் முன்பள்ளி நடத்துபவளாகவோ.

இத்தகையவளைக் கலை காணாமலில்லை. ரித்விக் கட்டக்கின் ‘மேகே தாக்கா தாரா’வில் (1960) கிழக்கு வங்க அகதிக் குடும்பத்தின் சுமையைத் தாங்கும் நீதா, இறுதியில் காசநோய் மருத்துவமனையில் தான் வாழவே விரும்பியதாகக் கதறுகிறாள். கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’யில் (1974) கவிதா மணமேடை வரை வந்து, மாப்பிள்ளையைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்து, மீண்டும் வேலைக்குப் போகிறாள். கட்டக் குற்றமாகக் காட்டியதை நாம் தியாகமென்று கொண்டாடினோம். நமது கவிதைகள் கவிதாவின் வழிவந்தவை. ஆனால் அவளிடமிருந்த கோபத்தைக்கூட அவை எடுத்துக்கொள்ளவில்லை.

ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’ நாவல் இங்கேதான் கவனத்துக்குரியதாகிறது. போரில் காலை இழந்து வீடு திரும்பும் யோகாவை அது கலியாணத்துக்குக் காத்திருப்பவளாகக் காட்டவில்லை. பிழைப்பும் நட்பும் தேடும் மனுசியாகக் காட்டுகிறது. அவளுக்குத் துணையாக வருபவள் தவக்குல் என்ற முஸ்லிம் சமூகப் பணியாளர். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றிய வரலாற்றைச் சுமக்கும் நமக்கு, முன்னாள் போராளியின் வலிக்கு ஒரு முஸ்லிம் பெண் எழுத்தாளர் செவிகொடுத்திருப்பது சிறிய விடயமல்ல.

ஆயினும் உழைக்கும் பெண்ணின் ஏக்கம், உடலின் தனிமை, மாலையில் பேச ஒருவரில்லாத வெறுமை இன்னும் போதியளவு எழுதப்படவில்லை. எழுதினால் நடத்தையைச் சந்தேகிப்பார்கள் என்ற பயம் அவளுக்கு உண்டு. அவளுக்காக இரங்கும் ஊர்தான், பஸ் தரிப்பிடத்தில் அவள் யாருடன் கதைக்கிறாள் என்றும் கவனிக்கிறது. நமது இரக்கக் கவிதைகள் அந்தக் கண்காணிப்பைத் தொட்டதேயில்லை. ‘முதிர்கன்னி’ என்ற சொல்லை நாம் கைவிடுவதே நல்லது. அவளுக்குப் பெயரும் தொழிலும் விருப்பமும் கொடுத்து எழுதும் கதைகளுக்காகவே வாசகர்கள் காத்திருக்கிறார்கள்.