அச்சப்பொருள் நான்கும் பேய்வீடும்

சிங்கப்பூரிலுள்ள யூனிவர்சல் ஸ்ரூடியோஸ் கேளிக்கைப் பூங்காவிலே ஆண்டுதோறும் ஹலோவீன் காலத்தையொட்டி இரவுக் காட்சிகள் சில நடைபெறுவதுண்டு. 2011 ஆம் ஆண்டிலே தொடங்கிய இவற்றுக்கு 'ஹலோவீன் ஹொரர் நைற்ஸ்' என்று பெயர். 2016 இல் அங்கு தொழில் பார்த்துவந்த நண்பர் ஒருவர் என்னை அவற்றுக்கு அழைத்துச் சென்றார். அவர் மன்னார் மாவட்டத்து முசலிப் பகுதியிலுள்ள முள்ளிக்குளத்தைச் சேர்ந்தவர். நெடுநேரம் வரிசையில் நின்று, பேய்வீடுகள் சிலவற்றுட் புகுந்து, அலறியும் சிரித்தும் வெளியே வந்தோம். வந்தபின் நண்பர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எல்லாம் சரி, உது ஆற்றை வீடு?"

அவர் நகைச்சுவையாகவே கேட்டார். ஆயினும் அவ்வினா என்னை விட்டு நீங்கவில்லை. இக்கட்டுரை அதற்கு விடை காண முயல்வதாகும்.

முதற்கண் ஓர் ஐயத்தை நீக்குதல் வேண்டும். இருளிலே முகமூடியணிந்த ஒருவன் திடீரெனத் தோன்றிக் கத்துவதிற் கலை யாதுள்ளது எனச் சிலர் வினவலாம். ஆனாற் கட்டடம், ஒளி, ஒலி, ஒப்பனை, நடிப்பு ஆகிய யாவற்றையும் பார்வையாளனிடத்தே ஒரு மெய்ப்பாட்டைத் தோற்றுவித்தற்பொருட்டு ஒழுங்குபடுத்தும் ஒன்றைக் கலையன்று என ஒதுக்குதல் பொருந்தாது. நல்ல பேய்வீடு ஒன்றின் அமைப்பை நோக்குக. வழி குறுகியது, அடிக்கடி திரும்புவது, அடுத்த திருப்பத்துக்கு அப்பால் இருப்பது தெரியாது. ஓரிடத்திலே தொங்கும் துணி கண்ணை ஈர்க்கும். அவ்வேளையில் மறுபக்கத்துப் பலகை திறக்கும். அஞ்சத்தக்கது அங்கே என்று காட்டி இங்கிருந்து தோன்றுவதே இக்கலையின் அடிப்படை உத்தி. நடிகர் பார்வையாளரைத் தொடுவதில்லை என்பது பெரும்பாலான இடங்களில் விதி. வெளியேறும் வழி உண்டு என்பதை உள்ளே செல்வோர் அனைவரும் அறிவர். எனவே இங்கு விளையும் அச்சம் உடன்படிக்கைக்கு உட்பட்ட அச்சம்.

அஞ்சுபவனைக் கண்டு நிற்பவனுக்கு அச்சந்தான் தோன்றுமா, அன்றி நகை தோன்றுமா என்ற ஆராய்ச்சி நம் உரைமரபுக்குப் புதியதன்று. பேய்வீட்டிலே இவ்வினா விசித்திரமான முறையிலே விடைபெறுகின்றது. ஐவர் ஆறுபேராகவே அதனுட் செல்கின்றனர். முன்னே செல்பவன் அஞ்சுகின்றான்; பின்னே வருபவன் அவனைக் கண்டு நகைக்கின்றான்; அடுத்த திருப்பத்திலே நகைத்தவன் அஞ்சுகின்றான். காண்போனே காட்சியாகவும் ஆகின்றான். நாடக அரங்கிலே அரிதாகக் கிட்டும் இவ்வியல்பை நான் இழிவாகக் கருதவில்லை. இளைஞர் கூட்டமொன்று ஒன்றாக அஞ்சி ஒன்றாகச் சிரித்து வெளிவருவதிலே நன்மையும் உண்டு.

குறை வேறிடத்தில் உள்ளது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே அச்சத்துக்கு நிலைக்களன்களாக நான்கு பொருள்களைக் கூறுவர். அணங்கு ஒன்று; கொடிய விலங்கு ஒன்று; கள்வர் ஒன்று; தம்மை ஆளும் இறை ஒன்று. இறை என்பதற்கு உரையாசிரியர்கள் அரசன், ஆசிரியன் முதலியோரைப் பொருளாகக் கொள்வர். இந்நான்கையும் வைத்துக்கொண்டு உலகத்துப் பேய்வீடுகளை மதிப்பிட்டுப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். அணங்குக்கு அங்கே குறைவில்லை. ஓநாய் மனிதனும் பிற பயங்கர உயிர்களும் விலங்கின் இடத்தை நிரப்புகின்றன. கத்தியும் மரமறுக்கும் இயந்திரமும் ஏந்திய கொலைஞர் கள்வரின் இடத்தில் நிற்கின்றனர். நான்காவது பொருளாகிய இறைக்கு மாத்திரம் அங்கே அறை ஒதுக்கப்படுவதில்லை.

அன்று நாங்கள் கண்ட பேய்வீடுகளுள் ஒன்று பழைய சாங்கி மருத்துவமனையின் பெயரைத் தாங்கியிருந்தது. அம்மருத்துவமனை கற்பனையன்று. 1930களிலே பிரித்தானியப் படைத்தளத்தின் பகுதியாகக் கட்டப்பட்டு, ஜப்பானியர் ஆட்சிக்காலத்திலே போர்க்கைதிகளின் சிகிச்சைக்குப் பயன்பட்டு, 1997 இல் மூடப்பட்ட உண்மையான கட்டடம் அது. கைவிடப்பட்ட பின்னர் அதனைப்பற்றி எழுந்த பேய்க்கதைகள் பல. அதற்கு அண்மையிலுள்ள சாங்கிக் கடற்கரையில் 1942 பெப்ரவரி 20 ஆம் நாள் 66 சீன ஆண்கள் படையினராற் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்பது வரலாறு. அவ்வட்டாரத்திலே அச்சம் எங்கிருந்து பிறந்தது என்பதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆயினும் மக்கள் வழக்கிலும் சரி, வணிகர் காட்சியிலும் சரி, அது பேயின் கணக்கிலேயே எழுதப்படுகின்றது. போர்வீரன் இக்கதைகளில் வரலாம். ஆனால் அவன் பேயாகவே வருவான், இறையாக வரமாட்டான். பேயாக வந்தவனிடத்தில் யாருடைய ஆணைப்படி சுட்டாய் என்று எவரும் கேட்பதில்லை.

இஃது இக்கலைவடிவத்தின் பிறவிக்குணமோ என்றால், அன்று. பேய்வீட்டின் மூதாதையருள் ஒருவராகக் கொள்ளத்தக்கவர் எத்தியேன் காஸ்பார் றொபேட். றொபேட்சன் என்ற பெயராற் புகழ்பெற்ற இவர், பிரெஞ்சுப் புரட்சியின் கொடுமைகள் நினைவினின்றும் அகலாத 1798 இல் பாரிஸ் நகரிலே மாயவிளக்கின் துணைகொண்டு இறந்தோரின் உருவங்களைப் புகையிலும் திரையிலும் எழுப்பிக் காட்டினார். மறுஆண்டிலே கப்புச்சின் துறவியர் விட்டுச்சென்ற மடமொன்றிலே காட்சியைத் தொடர்ந்தார். பாழ்மடம், துறவியர் கல்லறைகள், இருண்ட நடைவழி என்பனவெல்லாம் இன்றைய பேய்வீட்டுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்துக்கள். அவர் எழுப்பிய உருவங்களிலே புரட்சித் தலைவன் மராவின் உருவமும் இருந்தது. அதாவது நான்காவது அச்சப்பொருள் அங்கே மேடையேறியது. பின்னர் நடந்தது கவனிக்கத்தக்கது. தலை துண்டிக்கப்பட்ட மன்னன் பதினாறாம் லூயியை எழுப்பிக் காட்டமுடியுமா எனக் கூட்டத்தில் ஒருவன் கேட்டானாம். அதற்குரிய செய்முறையைத் தாம் தொலைத்துவிட்டதாகக் கூறி றொபேட்சன் தப்பிக்கொண்டார். எனினும் அதிகாரிகள் காட்சியை மூடி முத்திரையிட்டனர். அவரும் சிறிதுகாலம் போர்தோ நகருக்குப் போகவேண்டியதாயிற்று. ஆயிரம் எலும்புக்கூடுகள் ஆடியபோது வாளாவிருந்த அதிகாரம் ஓர் அரசனின் நிழல் வரக்கூடும் என்றதும் விழித்துக்கொண்டது. அணங்கும் விலங்கும் கொலைஞனுமே இன்று பேய்வீட்டை ஆள்வது ஏன் என்பதை விளக்க இந்நிகழ்ச்சி ஒன்றே பெருமளவு உதவும்.

நம் இலக்கியத்திலே பேய்வீட்டுக்கு நிகரான ஒன்றுண்டெனின் அது கலிங்கத்துப்பரணியே. செயங்கொண்டார் வாசகனைக் கைப்பிடித்து முதலிலே வெந்து தணியாத காட்டினுள் நடத்திச் செல்கின்றார். பின்னர்க் காளியின் கோயிலுக்குள் அழைக்கின்றார். அதன்பின்னரே பேய்களைக் காட்டுகின்றார். அறை அறையாகச் செல்லும் ஒழுங்கு இது. பேய்கள் பசியால் வாடுகின்றன. அவை அச்சத்தினும் பார்க்க நகையையே மிகுதியாகத் தருகின்றன. இந்திரசாலம் என்னும் பகுதியிலே முதுபேயொன்று தான் கற்ற மாயத்தாற் போர்க்களக் காட்சியொன்றை எழுப்ப, அதனை மெய்யென நம்பிய பேய்கள் உண்ண விரைந்து ஏமாறுகின்றன. பேய்களுக்கே பேய்க்காட்சி நடத்திக் காட்டிய புலவனின் குறும்பை எத்தனை முறை படித்தாலும் வியக்கலாம். ஆனாற் பரணியின் பேய்கள் எவருடைய தயவில் வாழ்கின்றன என்பதைப் புலவர் மறைக்கவில்லை. முதற் குலோத்துங்கனின் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையிற் கலிங்கத்தை அழித்தாலன்றி அவற்றுக்குக் கூழ் இல்லை. அரசனைப் போற்றுதலே செயங்கொண்டாரின் நோக்கம் என்பது மெய்; அதனை நாம் ஏற்கவேண்டியதில்லை. எனினும் பேய்க்கும் போருக்கும், போருக்கும் அரசனுக்கும் உள்ள தொடர்பு அந்நூலிலே பட்டப்பகல்போலத் தெரிகின்றது. கேளிக்கைப் பூங்காவின் பேய் எவருடைய கூழையும் உண்பதில்லை. அதற்கு முன்கதையும் இல்லை, படியளக்கும் அரசனும் இல்லை.

இனி நண்பரின் ஊருக்கு வருவோம். முள்ளிக்குளம் மன்னார் மாவட்டத்தின் தென்கோடியிலே, வில்பத்துக் காட்டை அடுத்து, கடலும் வயலும் சேருமிடத்தில் அமைந்த கத்தோலிக்கக் கிராமம். மீன்பிடியும் வேளாண்மையும் அங்குள்ளோர் தொழில்கள். அதற்கு அண்மையிலே குதிரைமலை இருக்கின்றது. அல்லிராணியின் அரண்மனை அங்கிருந்ததென ஐதிகம் உண்டு. வடக்கே அரிப்பிலே, ஆள்பதி பிரெடெரிக் நோத் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டிய மாளிகை இடிபாடாய் நிற்கின்றது. பேய்க்கதை புனைவோர்க்கு இவற்றினும் ஏற்ற நிலைக்களன் வேண்டியதில்லை.

ஆனால் அவ்வூரின் அச்சம் இவ்விடிபாடுகளிலிருந்து வந்ததன்று. 2007 செப்டெம்பரிலே போர் காரணமாக ஊரார் வெளியேற்றப்பட்டனர். பின்னர் அங்கே கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தளம் அமைந்தது. ஊரார் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் தங்கினர். 2017 மார்ச்சிலே அவர்கள் தொடங்கிய நிலமீட்புப் போராட்டம் ஏப்ரல் இறுதிவரை நீடித்தது. 100 ஏக்கர் விடுவிக்கப்படும் என அப்போது அறிவிக்கப்பட்டது. வீடுகள் பின்னரே கையளிக்கப்படும் எனச் சொல்லப்பட்டது.

பேய்வீடு என்ற கருத்தின் அடிப்படையே ஆளில்லா வீடு என்பதாகும். உரியவர் நீங்கிய மனையிலே அணங்கு குடிபுகும் என்பது உலகெங்குமுள்ள நம்பிக்கை. முள்ளிக்குளத்து வீடுகளுட் பல ஆளில்லா வீடுகளாக இருக்கவில்லை. அவற்றிலே விளக்கு எரிந்தது, உடை உலர்ந்தது, உரியவர் மாத்திரம் வெளியே நின்றனர். கோயில் வழிபாட்டுக்கென ஊருள் வந்துபோக அனுமதி பெற்றவர்கள் தம் வாசலை வழியிலே கண்டு அப்பாற் சென்றனர். இந்நிலையைக் கூறுதற்குப் பேய்க்கதையின் இலக்கணம் போதாது. போதாதது மட்டுமன்று, அது பொருளையே தலைகீழாக்கிவிடும். அதன்படி நோக்கினால் வெளியேயிருந்து வந்து வாசலைப் பார்த்துவிட்டு மறையும் உரிமையாளர்தாம் ஆவிகள் ஆவர். "உது ஆற்றை வீடு?" என்று நண்பர் கேட்டதன் பொருள் எனக்கு இவ்விடத்திலேதான் விளங்கிற்று.

கேளிக்கைக்கென அமைத்த ஒன்றிலே அரசியலைத் தேடுவது முறையா என வாசகர் கேட்கலாம். பூங்காக்காரர் தம் பேய்வீட்டிலே முள்ளிக்குளத்தைக் காட்டவேண்டும் என நான் கோரவில்லை; காட்டாதிருப்பதே நல்லது. சாங்கியின் பெயரை எடுத்து அதன் வரலாற்றை விட்டதுபோலவே அதுவும் முடியும். நான் கூறுவது வேறு. அச்சத்தையே முழுப்பொருளாகக் கொண்ட கலையொன்று, அச்சத்தின் நான்கு நிலைக்களன்களுள் வலியதொன்றைத் தொடாமலே தன்னை நிறைவுடையதாகக் கருதுமாயின், அக்கலை தன் பொருளை அறியவில்லை என்றே கொள்ளல்வேண்டும். மேலும் இக்காட்சிகளுக்குப் பழகிய தலைமுறை அச்சம் என்றதும் வெற்றில்லத்தையும் வெளிறிய முகத்தையும் மாத்திரம் நினைக்கப் பழகிவிடுகின்றது.

மன்னார்க் கரையிலே இதற்கு மாறான மரபொன்று இருந்துவருகின்றது. கத்தோலிக்க நாட்டுக்கூத்துக்களிலே, குறிப்பாக வேதசாட்சிகளின் சரித்திரங்களை ஆடும் கூத்துக்களிலே, அஞ்சப்படும் பொருள் பேயன்று. கொலுவிலே வீற்றிருந்து கொல்லுமாறு ஆணையிடும் அரசனே. அவன் திடீரெனப் பலகையைத் திறந்துகொண்டு பாய்வதில்லை. கட்டியகாரன் முன்னறிவிக்க, தன் வரவுப் பாடலைப் பாடி, ஆடி, எல்லோரும் காண வருகின்றான். விடியும்வரை நீளும் கூத்திலே சிறுவர் தாயின் மடியில் உறங்கி விழிக்கும்போதும் அவன் மேடையில் இருப்பான். முடியும் புசமும் அணிந்து நிற்பவர் தமக்குத் தெரிந்த ஊரவர்தாம் என்பதைக் கூட்டம் அறியும். அறிந்தும் அவன் ஆணையைக் கேட்டு நடுங்கும். ஒப்பனை என்று அறிந்து அஞ்சும் அதே உடன்படிக்கை இங்கும் உண்டு. ஆனால் இங்கே ஆணையிட்டவன் யார், ஆணைக்கு ஆளானவன் யார் என்பதை மறைத்துக் கூத்து நடைபெறுவதில்லை. ஆணையை மறுத்து ஒருவன் பேசும் பாட்டு முடிந்த பின்னரே வாள் ஓங்கப்படும்.

ஹலோவீன் என்பது சகல புனிதர் திருநாளுக்கு முந்திய இரவு. அதற்கு இரண்டு நாள் கழித்து, நவம்பர் 2 ஆம் நாள், மரித்தோர் நினைவுநாளிலே மன்னார்க் கத்தோலிக்கர் தம் முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுதிரி ஏற்றுவர். சிங்கப்பூர்க் காட்சியைக் கண்டு திரும்பும் வழியிலே நண்பர் அந்நாளைப்பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். அவருடைய பாட்டனாரின் கல்லறை முள்ளிக்குளத்தில் உள்ளது. அந்த ஆண்டு அங்கே திரி ஏற்ற எவர் போவது, எவரிடம் அனுமதி கேட்பது என்பதை ஊரிலுள்ள தமையனாரிடம் விசாரிக்கவேண்டும் என்றார்.