முகங்கள் இருக்கின்றன, மொத்தக் கணக்கு எங்கே?

மே மாதம் வந்தால் தமிழ் நாளிதழ்களின் தோற்றமே மாறிவிடும். பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியான கையோடு முழுப்பக்க விளம்பரங்கள் வரத் தொடங்கும். வரிசை வரிசையாக மாணவர்களின் சிறு படங்கள், ஒவ்வொன்றின் கீழும் மதிப்பெண், மேலே தாளாளரின் பெரிய படம், அடியில் ‘சேர்க்கை நடைபெறுகிறது’ என்ற வரி. நீட், ஜேஇஇ முடிவுகள் வரும்போது பயிற்சி மையங்களின் முறை. அதே படங்கள் பிறகு சாலைச் சந்திப்பின் ஃபிளெக்ஸ் பலகைக்கும் பேருந்தின் பின்புறத்துக்கும் யூடியூப் பேட்டிக்கும் ரீல்ஸுக்கும் போகின்றன.

பதினைந்து, பதினேழு வயதுப் பிள்ளைகள் இவற்றை விளம்பரமாகப் பார்ப்பதில்லை. தன் வயதுடைய ஒருவரின் முகம் அங்கே இருப்பதால், தனக்குச் சொல்லப்பட்ட செய்தியாகவே படிக்கிறார்கள். பெற்றோரோ நகையை அடகு வைக்கலாமா, இன்னும் ஓராண்டு ‘ரிப்பீட்டர்’ வகுப்பில் சேர்க்கலாமா என்ற முடிவைக்கூட இதைப் பார்த்து எடுக்கிறார்கள்.

ஊடகக் கல்வி என்றால் போலிச் செய்தியைக் கண்டுபிடிக்கும் பயிற்சி என்றே பெரும்பாலும் நினைக்கிறோம். அந்தப் பயிற்சி தேவையானது. 2018-இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் வதந்தியை அடையாளம் காணும் வகுப்புகள் நடந்தன. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய பொய்க் காணொளிகள் இங்கே எவ்வளவு அச்சத்தைக் கிளப்பின என்பதையும் பார்த்தோம். ஆனால் தேர்வு முடிவு விளம்பரத்தில் முகம் உண்மை, பெயர் உண்மை, மதிப்பெண்ணும் உண்மை. எந்தச் சரிபார்ப்பிலும் அது தேறிவிடும். ஆனாலும் பிள்ளைகளின் மனத்தில் அது தவறான ஒரு கணக்கைப் பதித்துவிடுகிறது. இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

நன்மையை மறுக்க முடியாது

முதலில் இந்த வழக்கத்தின் நல்ல பக்கத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். படிப்பில் வென்றவர்களின் முகம் பொது இடத்தில் தெரிவது ஒரு சமூகத்துக்கு நல்லது. சினிமா நடிகர்களும் அரசியல் தலைவர்களும் மட்டுமே நிறைந்திருந்த பலகைகளில், நெசவாளியின் மகளோ கூலித் தொழிலாளியின் மகனோ இடம்பெறும்போது, அந்தத் தெருவின் அடுத்த பிள்ளைக்கு ஒரு கதவு திறக்கிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிக்கப்போகும் பிள்ளைக்கு இப்படியொரு தேர்வு இருக்கிறது, இப்படியொரு படிப்பு இருக்கிறது என்ற தகவலே விளம்பரத்தின் வழியாகத்தான் சில நேரம் வந்து சேர்கிறது. கட்டணச் சலுகை, உதவித்தொகைத் தேர்வு, விடுதி வசதி போன்ற விவரங்களும் அப்படியே. நாளிதழ்கள் நடத்தும் உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளில், கட்டணம் இல்லாமல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஐயம் தெளிந்து போகின்றன.

நல்ல ஆசிரியர் குழுவைக் கொண்ட நிறுவனம் தன் உழைப்பின் பலனை ஊருக்குச் சொல்ல விரும்புவதிலும் பிழையில்லை. சொல்லும் விதத்தில்தான் சிக்கல்.

933-இல் 682

குடிமைப்பணித் தேர்வை எடுத்துக்கொள்வோம். 2022-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு 11 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தனர். முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் சுமார் 5.73 லட்சம் பேர். முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் சுமார் 13,000. அதையும் கடந்து நேர்முகத் தேர்வுக்குப் போனவர்கள் 2,529. இறுதியில் தேர்வானவர்கள் 933.

இந்த 933 பேரில் 682 பேர் தங்கள் மாணவர்கள் என்று ஒரு பயிற்சி நிறுவனம் விளம்பரம் செய்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தபோது, அவர்களில் 674 பேர் அந்த நிறுவனத்தின் இலவச மாதிரி நேர்முகத் தேர்வில் மட்டும் கலந்துகொண்டவர்கள் என்று தெரியவந்தது. முதல்நிலை, முதன்மைத் தேர்வுகளுக்கு அங்கே உதவி பெற்றவர்கள் வெறும் 8 பேர். நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

அந்த விளம்பரம் எப்படி வேலை செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நேர்முகத் தேர்வு வரை வந்தவர்கள், 5.73 லட்சம் பேரில் ஏற்கெனவே வடிகட்டப்பட்டவர்கள். அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் எப்படியும் தேர்வாகப் போகிறார்கள். அந்த வாசலில் இலவசப் பயிற்சி என்று ஒரு பலகையை மாட்டிவிட்டால், வெற்றியாளர்கள் தாமாகவே வந்து பெயர் பதிவார்கள். உழுதவரும் நட்டவரும் வேறு யாரோ இருக்க, கட்டுக் கட்டுவதற்கு வந்து நின்றவர் மொத்த மகசூலுக்கும் உரிமை கேட்பதைப் போன்றது இது. படத்தில் இருந்த யாரும் போலி இல்லை. ‘எங்கள் மாணவர்’ என்ற உரிமைக்கோரலில்தான் பொய் இருந்தது.

நீட், ஜேஇஇ விளம்பரங்களிலும் பள்ளி விளம்பரங்களிலும் இதே வித்தை வேறு வடிவங்களில் நடக்கலாம். நுழைவுத் தேர்வு வைத்துச் சிறந்த மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, பிறகு அவர்களின் மதிப்பெண்ணைத் தன் சாதனையாகக் காட்டலாம். தேர்வுக்கு முன் மாதிரித் தேர்வுத் தொடரில் மட்டும் சேர்ந்தவரையும் முழு மாணவராக எண்ணலாம். எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் வென்றார்கள் என்பதைச் சொல்லாமலே விடலாம். 2024-இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். நாட்டில் இருந்த எம்பிபிஎஸ் இடங்களோ சுமார் 1.1 லட்சம். எவ்வளவு சிறப்பாகப் பயிற்சி கொடுத்தாலும் இடங்கள் கூடப்போவதில்லை. ஆகவே மிகப் பெரும்பாலானோருக்கு அந்தப் படிப்பு கிடைக்காது என்பது தேர்வுக்கு முன்பே எழுதப்பட்ட உண்மை. முகங்கள் நிறைந்த பக்கம் அந்த உண்மையை மறைக்கிறது. இடம் கிடைக்காத பிள்ளை, ‘எல்லோருக்கும் கிடைத்தது, எனக்கு மட்டும் கிடைக்கவில்லை’ என்று நினைத்துக்கொள்கிறது. விளம்பரம் செய்யும் ஆழமான காயம் இந்த நினைப்புதான்.

செய்தியின் பங்கு

விளம்பரத்தை மட்டும் குறைசொல்லி நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் தப்பித்துக்கொள்ள முடியாது. ஆரோக்கியமற்ற போட்டியையும் மன அழுத்தத்தையும் தவிர்ப்பதற்காக, மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் தமிழ்நாடு அரசு கைவிட்டது. நல்ல முடிவு. ஆனாலும் முதல் மதிப்பெண் பெற்றவரைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுக்கும் பழக்கம் ஊடகங்களைவிட்டுப் போகவில்லை. எந்த மாவட்டம் முதலிடம், எந்த மாவட்டம் கடைசி என்ற பட்டியலும் ஆண்டுதோறும் தலைப்புச் செய்தியாகிறது. 2025-இல் பிளஸ் டூ தேர்ச்சியில் அரியலூர் 98.82 விழுக்காட்டுடன் முதலிடம் பிடித்தது. மாநிலத்தின் மொத்தத் தேர்ச்சி 95.03. சில விழுக்காட்டு வேறுபாடு மாவட்டங்களின் தகுதி வேறுபாடாகவே படிக்கப்படுகிறது.

எதை அளந்து பாராட்டுகிறோமோ அதற்கேற்ப வகுப்பறையும் வளைந்துகொள்கிறது. பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே விளம்பரமாக இருந்த காலத்தில், பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டி, இரண்டாண்டுகளும் பிளஸ் டூ பாடத்தையே நடத்திய பள்ளிகள் இருந்தன. அதைத் தடுக்க 2017-18 முதல் பிளஸ் ஒன் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவர வேண்டியிருந்தது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை விலக்கிக்கொண்டது. ஒரு விளம்பர எண் பாடத்திட்டத்தின் ஓராண்டையே விழுங்க முடிந்திருக்கிறது.

சேர்க்கைக் காலத்தின் சிறப்புப் பக்கங்கள் இன்னொரு சிக்கல். செய்தியைப் போன்ற எழுத்துரு, செய்தியைப் போன்ற தலைப்பு, கல்லூரித் தலைவரின் ‘பேட்டி’. மூலையில் மட்டும் பொடி எழுத்தில் ‘விளம்பரம்’. கட்டணம் பெற்று வெளியிடும் செய்திகளைப் பற்றி இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2010-இலேயே விரிவாக ஆராய்ந்தது. அந்த விவாதம் தேர்தலைச் சுற்றியே நின்றுவிட்டது. கல்விப் பக்கத்துக்கு அது வரவில்லை.

தேர்வு முடிவுக்குப் பிறகு நேரும் மாணவர் மரணங்களைச் செய்தியாக்கும் முறையும் சேர்த்தே பேசப்பட வேண்டியது. தற்கொலைச் செய்திகளைப் பரபரப்பாக்கக் கூடாது, முறையை விவரிக்கக் கூடாது என்று அதே கவுன்சில் 2019-இல் நெறிமுறைகளை ஏற்றது. முதல் பக்கத்தில் வெற்றி முகங்களும் உள்பக்கத்தில் சோகமும் என்ற அமைப்பு, வாழ்க்கைக்கு இரண்டே முடிவுகள்தான் என்று இளைஞர்களிடம் சொல்கிறது. இடையில் இருக்கும் லட்சக்கணக்கானோரின் கதை, அதாவது வேறு படிப்புக்குப் போய் நன்றாக வாழ்பவர்களின் கதை, அச்சேறுவது மிக அரிது.

சட்டம் எட்டும் தூரம்

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த மேற்சொன்ன ஆணையம், 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கென நெறிமுறைகளை வெளியிட்டது. மாணவர் வென்ற பிறகே அவரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெற வேண்டும். படத்தோடு அவர் எந்தப் பிரிவில் படித்தார், அதற்குக் கட்டணம் செலுத்தினாரா என்பதையும் சொல்ல வேண்டும். நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் ஒளிக்கக் கூடாது. அதற்குள் 18 நிறுவனங்களுக்கு மொத்தம் 54.60 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டிருந்தது.

வரவேற்க வேண்டிய நடவடிக்கைதான். ஆனால் முழுப்பக்க விளம்பரங்களுக்குப் பெருந்தொகை செலவிடும் துறையில் இந்த அபராதம் பெரிய தடையாகாது. நெறிமுறைகள் கேட்கும் விவரங்களும் வென்றவரைப் பற்றியவை. வெல்லாதவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி அவற்றின் மையத்துக்கு வரவில்லை. தீர்ப்பு வருவதற்குள் சேர்க்கைக் காலமும் முடிந்துவிடுகிறது.

வகுப்பறை செய்ய வேண்டியது

ஆகவே பிள்ளைகளின் கையில் கேள்விகளைக் கொடுத்தாக வேண்டும். ‘இது உண்மையா?’ என்ற ஒரு கேள்வி போதாது. எத்தனை பேரில் இத்தனை பேர்? எந்தப் பயிற்சியில், எவ்வளவு காலம் படித்தவர்? சேரும்போதே அவர் எந்த நிலையில் இருந்தார்? இந்தப் பக்கத்துக்குப் பணம் கொடுத்தவர் யார்? இந்த நான்கையும் கேட்கப் பழகிய பிள்ளை, அழகுக் களிம்பு விளம்பரத்தையும் சத்துப்பான விளம்பரத்தையும் தேர்தல் கருத்துக்கணிப்பையும் அதே கண்ணோடு படிக்கும். அரசுத் திட்டங்கள் தம் பயனாளிகளின் வெற்றியைக் காட்டும் விளம்பரத்தையும் இதே கேள்விகளால் அளக்க வேண்டும். அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறக் கூடாது.

இதற்குத் தனிப் பாடம் தேவையில்லை. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் புள்ளியியலும் நிகழ்தகவும் இருக்கின்றன. பள்ளிகளில் நுகர்வோர் மன்றங்கள் இருக்கின்றன. மே மாத நாளிதழ் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, அதில் சொல்லப்படாத எண்களைப் பட்டியலிடச் சொன்னாலே போதும். தயக்கம் ஒன்று உண்டு: தன் பள்ளியே அத்தகைய விளம்பரம் தரும்போது ஆசிரியர் எப்படி இதைப் பேசுவார்? அந்தச் சங்கடத்தைத் தாண்டாத ஊடகக் கல்வி, தொலைவில் இருப்பவரின் பொய்யை மட்டும் கண்டுபிடிக்கும். அருகில் இருப்பவரின் பாதி உண்மையைத் தொடாது.

நாளிதழ்கள் நினைத்தால் நாளையே ஒன்று செய்யலாம். கல்வி நிறுவன விளம்பரங்களில் ‘சேர்ந்தவர்கள் இத்தனை பேர், தேர்வானவர்கள் இத்தனை பேர்’ என்ற வரி, மதிப்பெண்ணின் அதே எழுத்தளவில் இருக்க வேண்டும் என்று தாங்களாகவே நிபந்தனை வைக்கலாம். நல்ல நிறுவனங்களுக்கு அதனால் இழப்பு ஏதும் இல்லை. அவர்களின் உண்மையான தரம் அந்த வரியில்தான் தெரியும். வெற்றியாளரின் படத்தைப் போட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் உழைப்பு மதிக்கப்பட வேண்டும். அதே மதிப்பு, அதே மையத்தில் அதே கட்டணம் செலுத்தி, அதே அளவு உழைத்தும் படத்தில் இடம்பெறாத பிள்ளைக்கும் உண்டு. அவரையும் கணக்கில் எழுதுங்கள் என்பதே கோரிக்கை.