இரண்டாவது தோட்டா

முதல் தட்டு உடைந்தது. இடதுபக்க மரங்களுக்கு மேலே அது கறுப்புத் தூளாகச் சிதறியதைப் பார்த்தேன். இரண்டாவது தட்டு வலது பக்கம் தாழ்வாகப் பறந்தது. குழல் அதை எட்டிப் பிடித்துவிட்டது, விரலும் விசையை இழுத்துவிட்டது, வெடிக்கவில்லை. துப்பாக்கியைச் சாய்த்துப் பார்த்தால், வெளியே விழுந்திருக்க வேண்டிய காலித் தோட்டா பக்கவாட்டு வாயில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நசுங்கி நின்றது. டெக்சஸில் ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒரு ஸ்போர்ட்டிங் க்ளேஸ் போட்டி, வீசப்படும் தட்டுகளைப் பறக்கும்போதே சுடும் ஆட்டம். நூறு தட்டுகளில் அது நாற்பத்தெட்டாவது.

விதிப்படி அந்த ஜோடியை மறுபடி வீசினார்கள். முதல் தட்டின் முடிவு அப்படியே நிற்கும், இரண்டாவதை மட்டும் உடைத்தால் போதும். உடைக்கவில்லை. அடுத்த நிலையில் இன்னும் மூன்று போயின. அந்தத் துப்பாக்கி எந்தக் கம்பெனியுடையது என்று எழுதப் போவதில்லை. ஒரு துப்பாக்கியின் ஒரு நாள் கோளாறை வைத்துக் கம்பெனியை எடைபோடுவது நியாயமில்லை. ஆனால் சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்னை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

அமெரிக்க ஸ்போர்ட்டிங் க்ளேஸ் விதி இதில் தாராளமானது. துப்பாக்கியோ தோட்டாவோ மக்கர் பண்ணினால் ஒரு நாளில் மூன்று தடவை வரை மன்னிப்பு உண்டு. நான்காவதிலிருந்துதான் தட்டு தோற்றதாகக் கணக்கு. அதனால் சிக்கிய தோட்டா நேரடியாகப் பறிக்கும் புள்ளிகள் குறைவு. அதற்குப் பிறகு ஒவ்வொரு விசை இழுப்பிலும் ‘இது வெடிக்குமா’ என்று காது ஒரு பக்கம் காத்திருக்கிறதே, புள்ளிகள் போவது அங்கேதான்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தட்டு சுடுதல் என்றால் ஒலிம்பிக் ட்ராப்தான் நினைவுக்கு வரும். புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024இல் பாரிஸில் ஆடியது அதைத்தான். அங்கே மேலும் கீழுமாக இரண்டு குழல் வைத்த துப்பாக்கிக்கே அரியணை. அதில் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றும் இயந்திரமே கிடையாது, ஆகவே சிக்குவதற்கும் ஒன்றுமில்லை. நம்பகம் ஒன்றுதான் அளவுகோல் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் நல்ல இரட்டைக்குழல் ஒன்றின் விலையில் இரண்டு மூன்று செமி வாங்கலாம். தோளில் விழும் உதையும் செமியில் குறைவு. நாள் முழுக்கச் சுடுகிறவருக்கு, அதுவும் தோள் மெலிந்தவருக்கு, இது சின்ன விஷயமில்லை.

செமியின் கதை துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங்கிலிருந்து தொடங்குகிறது. 1900இல் அவர் காப்புரிமை பெற்ற ஆட்டோ-5, 1998 வரை உற்பத்தியில் இருந்தது. வெடித்ததும் அதன் குழலும், தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டும் சேர்ந்தே பின்னால் ஓடும். லேசான தோட்டாவுக்கு ஒரு மாதிரி, கனமானதற்கு வேறு மாதிரி என்று உள்ளே உராய்வு வளையங்களை இடம் மாற்றிப் போட வேண்டும். இன்று போட்டிக்கு யாரும் அதைச் சிபாரிசு செய்ய மாட்டார்கள். ஆனால் தோட்டாவின் பலம் மாறும்போது இயந்திரம் தன்னை எப்படிச் சரிசெய்துகொள்ளும் என்ற அன்றைய பிரச்சினைதான் இன்றைக்கும் பிரச்சினை. அதற்கு இன்று சந்தையில் இரண்டு விடைகள் இருக்கின்றன.

ஒன்று கேஸ் முறை. குழலில் உள்ள சிறு துளைகள் வழியாக வெடிப்பு வாயுவில் கொஞ்சம் இறங்கி, முன்கட்டைக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் போல்ட்டைத் தள்ளும். பெரெட்டாவின் ஏ400 எக்ஸெல் இந்த வகை. வாயு தேவைக்கு மேல் வந்தால் ஒரு வால்வு திறந்து அதை வெளியே விட்டுவிடும். மற்றொன்று இனர்ஷியா முறை. பெனெல்லி எம்2 இதற்கு நல்ல உதாரணம். வெடித்ததும் துப்பாக்கி முழுவதும் பின்னால் நகர்கிறது, கனமான போல்ட் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தடித்த குட்டி ஸ்பிரிங் நசுங்கி, பிறகு விரிந்து, போல்ட்டைப் பின்னால் வீசுகிறது. பிரேக் போட்ட பஸ்ஸில் நிற்கும் ஆள் முன்னால் சாய்வாரே, அதே இயற்பியல்தான். பாகங்கள் குறைவு, உள்ளே கரி அதிகம் சேராது. வேலைப்பாட்டின் அழகை மட்டும் பார்த்தால் என் வாக்கு பெனெல்லிக்கே.

ஆனால் இந்த முறை வேலை செய்ய, துப்பாக்கி பின்னால் நகர்ந்தே ஆக வேண்டும். போட்டியில் இறங்குகிறவருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. முன்கட்டை மூடியில் ஓர் எடை, பின்கட்டைக்குள் ஓர் எடை என்று அவர் சேர்த்துக்கொண்டே போவார். எடை கூடினால் துப்பாக்கி சீராகத் திரும்பும், உதையும் குறையும். அதே தோட்டாவுக்கு 3.2 கிலோ துப்பாக்கியை 3.6 கிலோவாக்கினால் உதையின் ஆற்றலில் ஒன்பதில் ஒரு பங்கு குறைந்துவிடும். இனர்ஷியா துப்பாக்கியில் அந்த ஒன்பதில் ஒரு பங்கு இயந்திரத்தின் சாப்பாட்டிலிருந்துதான் போகிறது.

தோட்டாவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். எம்2-வின் கையேடு குறைந்தபட்சமாகச் சொல்வது 32 கிராம் ஈயத் தோட்டா. அமெரிக்க ஸ்போர்ட்டிங் க்ளேஸில் அனுமதிக்கப்படும் அதிகபட்சமும் ஏறக்குறைய அதே 32 கிராம். சர்வதேச ஃபிடாஸ்க் விதிப்படி நடக்கும் போட்டியில் 28தான், ஒலிம்பிக் வகைகளில் 24தான். ஒன்றின் தரை இன்னொன்றின் கூரையாக இருக்கிறது.

நடைமுறையில் எம்2 இத்தனை பிடிவாதம் பிடிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சில நூறு தோட்டா சுட்டு ஸ்பிரிங்குகள் பழகிய பிறகு பல எம்2-கள் 28 கிராமைத் தடையில்லாமல் ஓட்டுகின்றன. கைத்துப்பாக்கி, ரைஃபிள், ஷாட்கன் மூன்றையும் மாற்றி மாற்றிச் சுடும் த்ரீ-கன் போட்டிகளில் அதற்குப் பெரிய மரியாதை உண்டு. அங்கே புழுதியில் ஓட வேண்டும், நடுவில் கழற்றித் துடைக்க நேரமில்லை, விருப்பப்பட்ட கனத்தில் தோட்டா போட்டுக்கொள்ளலாம். இருந்தாலும் ராணுவத்துக்கென்று பெனெல்லி செய்த எம்4, அமெரிக்கப் படைகள் எம்1014 என்ற பெயரில் எடுத்துக்கொண்டது, கேஸ் முறையில் ஓடுகிறது. தன் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த முறையை அந்தக் கம்பெனியே அங்கே ஒதுக்கி வைத்தது. பெனெல்லியும் பெரெட்டாவும் இன்று ஒரே குழுமம் என்பதால், இரண்டு விடைகளையும் ஒரே வீட்டிலிருந்துதான் வாங்குகிறோம்.

எம்2-வில் இன்னொரு பழக்கமும் உண்டு. போல்ட்டைக் கையால் பிடித்து மெதுவாக மூடினாலோ, மூடிய பிறகு துப்பாக்கி எதிலாவது இடித்தாலோ, போல்ட் தலை முழுதாகச் சுழன்று பூட்டிக்கொள்ளாமல் நிற்கக்கூடும். விசையை இழுத்தால் ‘க்ளிக்’ என்ற சத்தம் மட்டும் வரும். 2017இல் வந்த சூப்பர் பிளாக் ஈகிள் 3-இல் இதற்கென்றே ஓர் ஏற்பாடு சேர்த்தார்கள். எம்2-வில் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு போகாமல் விட்டுவிடப் பழகினால் இந்தக் கோளாறு பெரும்பாலும் வராது. ஆனால் பழக்கத்தால் சமாளிக்க வேண்டிய ஒன்றை என்னால் நம்பகத்தின் கணக்கில் வரவு வைக்க முடியவில்லை.

கேஸ் துப்பாக்கியின் குற்றப்பத்திரிகையும் சிறியதல்ல. ஐந்நூறு தோட்டாவுக்குப் பிறகு முன்கட்டையைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்டன் மேல் தோசைக்கல் ஓரத்தில் படிவதுபோல மொரமொரப்பான கரி, விரலில் ஒட்டும் எண்ணெய்ப் பசை, எரிந்த வெடிமருந்தின் காரமான வாடை. பித்தளைத் தூரிகையால் தேய்த்து, பழைய பனியன் துணியால் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் காட்டி மாட்டுவதற்குக் கால் மணி நேரமாகும். ஏ400-இன் பிஸ்டனில் உள்ள நெகிழ்வான வளையம் போகும்போதும் வரும்போதும் கரியைச் சுரண்டிக்கொண்டே போவதால் அழுக்கு சேர நாளாகிறது. சேரவே சேராது என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. ஆனாலும் கரியால் வரும் கோளாறு சொல்லிக்கொண்டுதான் வரும். காலித் தோட்டா வழக்கமாக விழும் இடத்தைவிடக் கிட்டத்தில் விழத் தொடங்கினால் போல்ட் களைத்துவிட்டது என்று பொருள். கண்ணுள்ளவர் அன்று இரவே துடைத்துவிடுவார்.

கேஸ் முறையின் பழைய பெயரான ரெமிங்டன் 1100 பற்றிச் சுருக்கமாக. 1963இல் வந்த இதன் மென்மையான உதைக்கு ஸ்கீட் என்ற இன்னொரு தட்டுப் போட்டியின் அமெரிக்க மைதானங்களில் ஒரு தலைமுறையே ரசிகர்கள். ஆனால் வாயுவை அடைத்து நிறுத்துவது ஒரு ரப்பர் ஓ-ரிங், அது காய்ந்து விரிசல் விடும். பையில் உபரியாக இரண்டு வைத்திருக்க வேண்டும். கனமான தோட்டாவுக்கான மேக்னம் குழலோடு வந்ததை மலிவாகக் கண்டு வாங்கிவிட்டால் அதன் வாயுத் துளை லேசான தோட்டாவுக்குப் போதாது. கம்பெனியும் 2018இலும் 2020இலும் திவால் மனு கொடுத்தது. அப்பாவிடமிருந்து வந்திருந்தால் பாதுகாத்துச் சுடுங்கள், புதிதாகத் தேடிப் போக வேண்டாம்.

வேகத்தைப் பற்றிய விளம்பரங்களை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஏ400-இன் இயந்திரம் ஒரு நொடிக்குள் நான்கு தோட்டா சுடும் என்கிறது பெரெட்டா. ஸ்போர்ட்டிங் க்ளேஸில் ஒரு ஜோடிக்கு இரண்டு தோட்டாதான். முதல் தட்டிலிருந்து இரண்டாவதுக்குக் கண் போய்ச் சேர்வதற்குள் எந்த நல்ல செமியும் தயாராகிவிடும்.

மக்கருக்குத் துப்பாக்கியை மட்டும் திட்டுவதும் தவறு. மலிவுத் தோட்டாக்களின் அடிப்பகுதி பித்தளைக்குப் பதில் எஃகாக இருக்கும். வெடித்ததும் விரிந்து, அறையின் சுவரைக் கவ்விக்கொண்டு கிளம்ப மறுக்கும். அறை கொஞ்சம் சொரசொரப்பாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். என் நாற்பத்தெட்டாவது தட்டில் நடந்தது இதுதான் என்று பிறகு தோன்றியது. அந்த வாரம்தான் விலை பார்த்து வேறு பெட்டிகள் வாங்கியிருந்தேன்.

ஆக, ஸ்போர்ட்டிங் க்ளேஸுக்கு என் தேர்வு கேஸ் முறை. கையில் காசிருந்தால் ஏ400 எக்ஸெல். இல்லையென்றால் ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கும் ஏ300 அல்டிமா. நன்றாகப் பராமரித்த பழைய ஏஎல்391 கிடைத்தாலும் தயங்க மாட்டேன். எவ்வளவு எடை ஏற்றினாலும், 32-இலிருந்து 28-க்கும் 24-க்கும் இறங்கினாலும், இவை அதே மாதிரி ஓடுவதற்குத்தான் அதிக வாய்ப்பு. தோள் வலிக்கும் மருந்து கூடவே கிடைக்கிறது. துடைக்கும் வேலையே வேண்டாம் என்பவரும் த்ரீ-கன் ஆடுகிறவரும் எம்2-வுக்குப் போகட்டும், எடை சேர்க்காமல், 32 கிராமோடு.

எதை வாங்கினாலும் முதல் போட்டிக்கு முன் பத்துப் பெட்டி, அதாவது 250 தோட்டா, ஒரே நாளில் சுட்டுவிடுங்கள். போட்டியில் போடப்போகும் அதே லேசான தோட்டா, மாட்டப்போகும் அதே எடைகள், நடுவில் துடைக்காமல். ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியில் இரண்டே போட்டு, இரண்டாவது ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்குள் இரண்டு தடவை சிக்கினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோங்கள்.